துலா மறைந்தது, அளவும் மறையலாமோ?

கல்வி ஏட்டினால் மாத்திரம் வருவதன்று. தந்தை கையிலிருந்து மைந்தன் கைக்கும், பாட்டி வாயிலிருந்து பேர்த்தி செவிக்கும் செல்வதும் கல்வியேயாம். பின்னையதற்குப் பரீட்சையில்லை, பத்திரமுமில்லை. ஆதலின் அது மறையும்பொழுது அறிவாருமில்லை. இதற்கு யாழ்ப்பாணத்துக் கிணறே தக்க சான்றாகும்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறும் மாரியில் ஓடிக் கோடையில் வற்றுவது. ஐப்பசி தொடங்கிப் பெய்யும் மழை சுண்ணக்கற்பாறையின் வெடிப்புக்களூடே இறங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அதுவே நம் கிணற்று நன்னீர். புத்தூர் நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் பலரும் அறிந்ததே. மேல்நீரை மிகையாக இறைப்பின் கீழுள்ள உவர் எழும்.

இதனை நம் முன்னோர் நூலிற் கற்றாரல்லர், தொழிலிற் கற்றனர். கோடையிற் குளத்தைத் தூர்வாரி அம்மண்ணை வயலுக்கு இட்டனர். வரம்பு உயர்த்தி மழைநீரை நிலத்துள் இறங்கச் செய்தனர். தோட்டத்துக்குப் பூவரசங்குழை தாழ்த்தனர், ஆடுமாடுகளைப் பட்டியடைத்தனர். துலா மிதிப்போர், பட்டை பிடிப்போர், தண்ணீர் கட்டுவோர் எனப் பலர் வியர்வை சிந்த வந்த நீராதலின், வேண்டுமளவுக்கு மேல் ஒரு பட்டையும் இறைத்தாரிலர். அளவை அவர்க்கு உணர்த்தியது அவ்வுழைப்பே.

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீரிறைக்கும் இயந்திரம் பரவிற்று. அதனை யான் பழித்தேனல்லேன். துலா மிதித்தோர் பட்ட துன்பம் சிறிதன்று. ஆனால், துலாவோடு கூடியிருந்த அளவும் உடன் சென்றது. அதனைச் சொல்லாக்கி மைந்தர்க்கு உரைக்க வேண்டுமென எவர்க்கும் தோன்றவில்லை; முன்னாளில் அதற்குத் தேவையும் இருந்ததில்லை. இன்று பல கிணறுகள் உவர்ந்தன. செயற்கை உரத்தின் நைத்திரேற்று பல கிணறுகளில் அளவுக்கு மேற் கலந்திருத்தலையும் ஆய்வாளர் கண்டுள்ளனர்.

வழிவழி வந்தன யாவும் போற்றத்தக்கனவோ எனின், அல்ல. சாதி பார்த்து ஒருவனுக்குத் தண்ணீர் மறுத்த கொடுமையும் அக்கிணற்றடியில் வழிவழி வந்ததே. அஃது ஒழியத்தக்கது. நல்லதைப் பிரித்தெடுத்துக் கொள்வதே கற்றோர் கடன். கண்மூடி ஏற்றலும் கண்மூடி எறிதலும் ஒரே மடமையின் இரு பக்கங்களாம்.

மாணவர்காள்! உங்கள் வீட்டு முதியோரிடம் கேளுங்கள்: நம் கிணறு எம்மாதத்தில் உவர்க்கும்? மாரிவெள்ளம் எவ்வாய்க்கால் வழியே குளம் சேர்ந்தது? அவ்வாய்க்காலை இன்று அடைத்து நிற்பது யாது? விடைகளை எழுதி வையுங்கள். விஞ்ஞான ஆசிரியர்கள் ஆய்வுகூடத்தில் அக்கிணற்று நீரைச் சோதித்து, முதியோர் சொல்லோடு ஒப்பிட்டுக் காட்டுவாராக. தாத்தாவின் சொல்லும் ஆய்வுகூடத்தின் அளவும் ஒன்றையொன்று திருத்தும்.

பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். கட்டடத்துக்கு வழங்கும் கை ஊர்க்குளமொன்றைத் தூர்வாரவும் வழங்குமாயின், அதுவும் கல்விக்கு ஈந்த கொடையேயாகும். வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். அம்முறையின் பொருளை வகுப்பறையில் விளக்குதல் எளிது. பெய்த மழையைக் காத்தலே அதனைக் கற்றமைக்கு அடையாளம்.