ஒடியல் மாவும் ஊர்ச்சுவையும்

1983ஆம் ஆண்டின் பின்னர் ஈழத்தமிழர் பலர் கடல்கடந்து குடியேறினர். இன்று இலண்டன் மாநகரின் ரூட்டிங்கிலும் கனடாவின் ஸ்காபரோவிலும் எம்மவர் கடைகளில் ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி, யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் முதலியன விலைக்குக் கிடைக்கின்றன. ஆதலின் குறை நீங்கியதென்று கருதுவாருளர். நாம் அவ்வாறு கருதோம்.

பொருள் வந்துவிட்டது, அதனை ஆளும் அறிவும் உடன்வந்ததா என்பதே வினா. பனங்கிழங்கை அவியாது பிளந்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, மேல்நிற்கும் நீரை வடித்துக் கசப்பைப் போக்கிய பின்னரே கூழ் காய்ச்சுதல் முறை. இதனை அறியாது காய்ச்சிய வீட்டிலே பிள்ளைக்கு முதல் மிடறே கசக்கும். மறுமுறை அக்கூழை அது தீண்டாது. வாங்குவார் அருகின் கடைக்காரரும் அதனைத் தருவியார். ஊரிலே கிழங்கு பிளந்து சீவிக்கும் ஏழைக் குடும்பங்களின் வருவாயும் குன்றும்.

ஆகவே, புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவர்க்கு நாம் கூற விழைவது ஒன்றே. பொதியை வாங்கிவருதலோடு அமையாது, ஆண்மக்களையும் பெண்மக்களையும் அடுப்படிக்கு அழைத்துக் கூழ் காய்ச்சக் கற்பியுங்கள். கைப்பழக்கம் ஒரு தலைமுறையில் அற்றுப்போயின், அதனை எக்கடையிலும் வாங்குதல் இயலாது.