6 வாட்டா, 15 வாட்டா?

செஞ்சியில் ராஜகிரி மலை ஏறும் இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் மெல்ல மெல்ல ஏறுகிறார். மற்றவர் மூச்சு வாங்க விரைந்து ஏறி, உச்சியில் சாவகாசமாய் இளைப்பாறுகிறார். மொத்தத்தில் அதிகம் களைத்தவர் யார்? மடிக்கணினியின் பிராஸஸர் விஷயமும் இத்தகையதே.

2023-ல் இன்டெல் வெளியிட்ட என்100-க்கு விதித்த அளவு 6 வாட். 2022-ல் வந்த ஐ5-1235யூ-வுக்கு 15 வாட். அவசரத்துக்கு 55 வாட் வரை போகும். ஆகையால் முன்னதே சிக்கனம் என்று தீர்த்துவிடலாமா? கூடாது என்பதே நம் அபிப்பிராயம். வாட்டை, வேலை முடியும் நேரத்தால் பெருக்கினால்தான் செலவு தெரியும். ஒரே வேலையை ஒன்று 6 வாட்டில் 10 நிமிஷத்திலும், மற்றொன்று 15 வாட்டில் 3 நிமிஷத்திலும் முடிப்பதாக வைத்துக்கொள்வோம். முன்னதன் செலவு 60 வாட்-நிமிஷம். பின்னதன் செலவு 45 தான்!

ஆனால் குழந்தை பாடம் படிக்கையில் இரண்டும் பெரும்பாலும் சும்மா இருக்கும். மின்சாரத்தில் பெரும்பங்கு திரைக்கே போகும். ஆகவே படிப்புக்கும் எழுத்துக்கும் 6 வாட் போதும். சினிமாப் படம் தொகுப்பது போன்ற கனத்த வேலைக்கு 15 வாட்டே லாபம்.

வாங்கும்போது பாட்டரியின் வாட்-மணியையும் கேளுங்கள். 40 வாட்-மணி பாட்டரி, கணினி முழுவதும் 8 வாட் இழுத்தால், 5 மணி நேரம் தாங்கும். மின்சாரம் நின்ற மாலையில் பாடம் நிற்காதிருப்பது இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.