நட்டு போல்ட்டு: ரிமோட்டுக்குக் கண்ணு இல்ல பாஸ்!

பத்தடி தள்ளி நின்னு, பாக்கெட்டுக்குள்ள ஒரே ஒரு அமுக்கு. பத்து வருஷப் பழைய பைக் 'டுர்ர்ர்'னு உறுமுது. பக்கத்துல நிக்கிற நாலு பேர் திரும்பிப் பாக்குறாங்க. கெத்துதான், ஒத்துக்கிறேன்! அலாரம், லாக், ஸ்டார்ட் எல்லாம் சேர்ந்த ரிமோட் கிட்டை வாங்கிட்டு நம்ம பசங்க மெக்கானிக் கடைக்கு ஓடுறதுல ஆச்சரியமே இல்ல. ஆனா ஒயரைக் கட் பண்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுடுங்க: "அண்ணே, வண்டி கியர்ல நிக்குதுன்னு இந்த ரிமோட்டுக்கு எப்படித் தெரியும்?"

"அதெல்லாம் தெரியாது தம்பி, நீதான் பாத்துக்கணும்"னு பதில் வந்தா, இந்த வாரப் பாடம் உங்களுக்குத்தான்.

நல்ல பழக்கமே வில்லன்!

நமக்கு ஊரு தீர்த்தமலை. அரூர் பக்கம். மலை மேல தீர்த்தகிரீஸ்வரர், அடிவாரத்துல நம்ம வண்டி. சரிவான இடத்துல நிறுத்துறப்போ என்ன செய்வோம்? பைக்னா முதல் கியர்ல போட்டு சைடு ஸ்டாண்ட். கார்னா ஹேண்ட் பிரேக், முதல் கியர், சக்கரத்துக்கு அடியில ஒரு கல். வண்டி உருளாம இருக்க இது நல்ல பழக்கம்தான்.

இப்ப அதே வண்டிக்கு ரிமோட் மாட்டியாச்சுன்னு வைங்க. ராமர் தீர்த்தத்துல குளிச்சிட்டு இறங்கி வர்றீங்க, தூரத்துல இருந்தே ஸ்டைலா பட்டனைத் தட்டுறீங்க. ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினைச் சுத்தும். கியர் விழுந்திருக்கறதால இன்ஜின் சக்கரத்தைச் சுத்தும். வண்டி முன்னாடி பாயும். டேங்க் மேல உக்காந்து 'பீப் பீப்' விளையாடுற அக்கா பையனோ, நிழலுக்கு ஒதுங்கி நிக்கிற பாட்டியோ முன்னாடி இருந்தா? பிரேக்கைப் பிடிக்க நீங்க அங்க இல்லையே!

செல்ஃப் வந்ததே பாதுகாப்புக்குத்தான்

ஒரு காலத்துல காருக்கு முன்னாடி இரும்புக் கைப்பிடியை விட்டுச் சுத்தித்தான் ஸ்டார்ட் பண்ணாங்க. இன்ஜின் திருப்பி உதைச்சா கை எலும்பு காலி. அந்தத் தொல்லைக்கு முடிவு கட்டினவர் அமெரிக்க இன்ஜினியர் சார்லஸ் கெட்டரிங். அவரோட எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் 1912 மாடல் காடிலாக் கார்ல வந்துச்சு. நம்ம ஊர்ல செல்ஃப் ஸ்டார்ட் ஸ்கூட்டரைப் பிரபலமாக்கினது 1984-ல வந்த கைனடிக் ஹோண்டா. ஆளைக் காப்பாத்த வந்த விஷயத்தை ஆளுக்கே ஆபத்தா மாத்தலாமா?

பைக் கம்பெனிக்காரங்க இதை யோசிச்சிருக்காங்க. செல்ஃப் உள்ள பல பைக்குகள்ல நியூட்ரல்ல இருந்தாலோ, கிளட்ச்சைப் பிடிச்சிருந்தாலோதான் பட்டன் வேலை செய்யும். கியர் இல்லாத ஸ்கூட்டர்ல பிரேக்கைப் பிடிச்சாத்தான் செல்ஃப் எடுக்கும். அவசரத்துல கிட் மாட்டுறப்போ இந்தக் காவல்காரனைத் தாண்டி நேரா ஸ்டார்ட்டர் ரிலேவுக்கு ஒயர் இழுத்துட்டா கதை கந்தல்.

ஒயரிங் மேட்டர்

சாவி செய்ற வேலையைத்தான் கிட்டும் செய்யணும். முதல்ல இக்னிஷன் ஒயருக்கு 12 வோல்ட். அப்புறம் ஒன்றிரண்டு விநாடி ஸ்டார்ட்டர் ஒயருக்கு. இன்ஜின் எடுத்ததும் ஸ்டார்ட்டரை விட்டுடணும்.

மோட்டார் இழுக்கிற கரன்ட் பைக்லயே பத்துக்கணக்கான ஆம்பியர், கார்ல 100-ஐயும் தாண்டும். அது கிட் வழியா போகக் கூடாது. ரிலேவோட மெல்லிசு ட்ரிக்கர் ஒயரைத்தான் கிட் தொடணும்.

அந்த இடத்துல ஒரு நாலு முனை ரிலேயைக் கூடுதலா மாட்டுங்க. கிட்டோட ஸ்டார்ட் ஒயர் 86, 30 ரெண்டு முனைக்கும். 87-ல இருந்து வண்டியோட ட்ரிக்கர் ஒயருக்கு. 85-ல இருந்து ஒரு 1என்4007 டயோடு வழியா, பச்சை விளக்கை எரிய வைக்கிற நியூட்ரல் ஸ்விட்ச் ஒயருக்கு. டயோடுல கோடு போட்ட பக்கம் நியூட்ரல் பக்கம் இருக்கணும். நியூட்ரல்ல இருந்தாத்தான் அந்த ஒயருக்கு எர்த் கிடைக்கும், ரிலே இழுக்கும். கியர் விழுந்தா நீங்க எத்தனை தடவை அமுக்கினாலும் கப்சிப்! இது ட்ரிக்கருக்கு பிளஸ் போற வண்டிக்கான கணக்கு. சில வண்டியில மைனஸ் போகும், அங்க இணைப்பு மாறும். அதனால சர்க்யூட் படத்தைப் பாக்காம கை வைக்காதீங்க.

பேட்டரிக்குப் பக்கத்துலயே ஃபியூஸ் போடுங்க. ஒயரை முறுக்கி டேப் சுத்துற வேலை வேணாம். சால்டர் வெச்சு, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்க. ஒரு மழைக்காலம் தாண்டினா வித்தியாசம் தெரியும்.

காருக்கு என் பதில்: வேணாம்!

மாருதி 800, ஆம்னி மாதிரி பழைய மேனுவல் கார்கள்ல நியூட்ரலைக் கண்டுபிடிக்கிற ஸ்விட்ச்சே கிடையாது. கியர்ல சாவியைத் திருப்பினா கார் குதிக்கும். அதுக்கு ரிமோட் மாட்டுறது வம்பை விலைக்கு வாங்குறது. 2019-ல வந்த ஹூண்டாய் வென்யூ மாதிரி கார்கள் மொபைல்லயே ஸ்டார்ட் ஆகுதேன்னு கேக்காதீங்க. கியர் எங்க இருக்குன்னு பார்த்துச் சொல்ற சென்சாரோடயே பிறந்த சிஸ்டம் அது.

இன்னொண்ணு, கார்புரேட்டர் வண்டிக்குக் காலையில சோக் இழுக்கணும். ரிமோட் சோக் இழுக்காது. சும்மா சுத்திச் சுத்தி பேட்டரிதான் படுக்கும். மூடின ஷெட்டுக்குள்ள நிக்கிற வண்டியை ரிமோட்ல ஓடவிடவே விடாதீங்க. புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, இரக்கமும் கிடையாது.

பாஸா, ஃபெயிலா?

பைக்ல ஏற்கெனவே கிட் மாட்டியாச்சா? பேட்டரி மைனஸைக் கழட்டுங்க. ஸ்டார்ட்டர் ரிலேல இருந்து மோட்டாருக்குப் போற தடி ஒயரைக் கழட்டி, அதன் முனைக்கு டேப் சுத்துங்க. அது இருந்த ரிலே முனைக்கும் வண்டி பாடிக்கும் நடுவுல ஒரு 12 வோல்ட் டெஸ்ட் பல்பு. இப்ப மைனஸை மாட்டி, முதல் கியர் போட்டு, கிளட்ச்சைத் தொடாம ரிமோட்டை அமுக்குங்க. பல்பு எரியக் கூடாது. நியூட்ரல்ல எரியணும்.

கியர்லயும் எரிஞ்சுதா? ஸ்டார்ட் ஒயரை மட்டும் பிடுங்கிடுங்க. அலாரமும் லாக்கும் இருக்கட்டும். வண்டி பக்கத்துல போய், முன்னாடி யாரும் இல்லைன்னு பார்த்து, கையால ஸ்டார்ட் பண்றதும் கெத்துதான் பாஸ்!

(அடுத்த வாரம்: ஹெட்லைட் ஏன் மங்குது?)