ஊருக்குத் தெரிவது வேற, இது வேற

போன வாரம் கடலைக்குக் களை வெட்டிக்கிட்டு இருந்தப்ப ஒரு போன். "சார், உங்க பேர்ல ரெண்டரை ஏக்கர் இருக்குல்ல, லோன் வேணுமா?" என்று ஒரு பொண்ணு கேட்டது. என் பேர், ஊர், நிலத்தின் அளவு எல்லாம் சரியாகச் சொன்னது. "இதையெல்லாம் யாரும்மா உனக்குக் கொடுத்தது?" என்றேன். போனை வைத்துவிட்டது.

சென்னையில் இருக்கிற மச்சான் மகனிடம் சொன்னேன். சிரிக்கிறான். "கிராமத்துல ஏது மாமா பிரைவசி? உங்க வீட்டுல என்ன குழம்புன்னு தெருவுக்கே தெரியுமே!"

உண்மைதான். டீக்கடைக்காரருக்கு என் கடன் தெரியும். ஆனா அவர் கடன் எனக்கும் தெரியும். என்னைப் பற்றித் தப்பாகப் பேசினால் மறுநாள் அதே பெஞ்சில் உட்கார்ந்து "ஏன்யா அப்படிச் சொன்னே?" என்று கேட்பேன். போனில் பேசினவங்களை எங்கே போய்க் கேட்க? என்னைத் தெரிஞ்சவனை எனக்கும் தெரியும், அதுதாங்க ஊர். இது இருட்டுல நின்னு வேவு பார்க்கிற வேலை.

ரேஷன் அரிசிக்குக் கைரேகை, உர மூட்டைக்குக் கைரேகை, வருஷத்துக்கு 6000 ரூபாய் உதவித்தொகைக்கு ஆதார். கொடுக்க மாட்டேன்னு சொன்னா மூட்டை கிடைக்காது. இதுக்குப் பேரு சம்மதமாம்!

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023ல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. தகவலைக் காப்பாற்றத் தவறின நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். நல்லதுதான். ஆனா அந்த அபராதம் போறது அரசாங்கக் கஜானாவுக்கு. பறிகொடுத்தவனுக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது. பக்கத்துக் காட்டு மாடு என் பயிரை மேய்ந்தால் எங்க ஊர்ப் பஞ்சாயத்து எனக்குத்தான் நஷ்டம் வாங்கிக் கொடுக்கும். அந்த நியாயம்கூட இதில் இல்லை.

"மறைக்க என்ன இருக்கு?" என்று கேட்பீர்கள். திருட்டுத்தனம் பண்ணவா வீட்டுக்குக் கதவு வெச்சிருக்கோம்?

கடைசியா உங்களுக்கு ஒண்ணு. என்கிட்ட அரிசி வாங்குறவங்க போன்ல என் நம்பர் இருக்கும். ஏதோ ஒரு ஆப் உங்க தொடர்புகளைக் கேட்டு, நீங்களும் யோசிக்காம 'அனுமதி'ன்னு தட்டினா, உங்களோட சேர்ந்து நானும் போறேன். என்னை யாரும் கேட்கலைங்க. நீங்களாவது கேட்டிருக்கலாம்.