ஆசிரியர் கையேந்த வேண்டுமா?

ஆசிரியர்களுக்குத் தொழிற்பயிற்சி வேண்டும் என்று நாம் கேட்கும்போதெல்லாம் மேலிடத்திலிருந்து ஓர் அறிவுரை நம்மை நோக்கி வருகிறது: "மானியம் தேடுங்கள்." திட்டம் வரையுங்கள், படிவம் நிரப்புங்கள், பழைய மாணவரைக் கண்டு பேசுங்கள், தனவந்தரின் கடைவாசலில் நில்லுங்கள், கடல் கடந்து வாழ்வோருக்குக் கடிதம் எழுதுங்கள்! அறிவுரை கூறுவோர் நல்லெண்ணத்தோடுதான் கூறுகின்றனர் எனக் கொள்வோம். ஆயினும் அவர்களிடம் ஒரு கேள்வி. தொலைந்த பொருளைத் தேடுவார்கள். ஒளித்து வைக்கப்பட்ட பொருளையும் தேடுவார்கள். ஆசிரியரின் கல்விக்கென அரசு ஒதுக்க வேண்டிய பணம் எங்கே தொலைந்தது? அதனை ஒளித்து வைத்தவர் எவர்?

நாம் சிலாபத்துக் கரையோரத்தில் கற்பிப்பவர்கள். நம் முன் அமர்ந்திருப்போர் கடற்றொழிலாளரின் பிள்ளைகள். தெங்குத் தோட்டத்தில் நாட்கூலிக்கு உழைப்போரின் பிள்ளைகள். காற்று மாறி, தகப்பன்மார் வேறு கரைகளுக்கு வாடி போடச் செல்லும் பருவத்தில் வகுப்பில் இடங்கள் வெறிதாகும். மீண்டு வரும் பிள்ளை விட்ட பாடத்தை எங்கே பிடிப்பது? பின்னத்தில் நிற்பவனையும் அட்சரகணிதத்துக்கு வந்துவிட்டவனையும் ஒரே வகுப்பில் வைத்து எப்படிக் கற்பிப்பது? இவை நாள்தோறும் நம் தொண்டையைப் பிடிக்கும் கேள்விகள். இவற்றுக்கு விடை காணும் கல்வியையே நாம் ஆசிரியர் பயிற்சி என்கிறோம். அஃது ஆடம்பரமன்று. மீனவனுக்கு வலை எப்படியோ, ஆசிரியருக்கு அது அப்படி. வலையை நன்கொடையாகப் பெற்றுக் கடலுக்குப் போ என்று எவரேனும் மீனவனிடம் கூறுவாரா?

வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், 1945இல், இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி கிடைத்தது. 1960இலும் 1961இலும் இயற்றப்பட்ட சட்டங்களால் உதவி நன்கொடை பெற்றுவந்த சமயப் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. கத்தோலிக்கப் பாடசாலைகள் நிறைந்த இக்கரையோரத்தில் அந்த மாற்றம் ஊர்தோறும் உணரப்பட்டது. முற்போக்காளர் அதனை வரவேற்றனர். நாமும் அதனைச் சரியென்றே கொள்கிறோம். ஆனால் பாடசாலையைப் பொறுப்பேற்றல் என்பது கட்டடத்தையும் காணியையும் மட்டும் ஏற்பதன்று. அங்கே கற்பிக்கும் மனிதரின் அறிவையும் சேர்த்தே பொறுப்பேற்றல் வேண்டும். அப்பொறுப்பை அரசு இன்று சிறிது சிறிதாகக் கைகழுவுகிறது.

காகிதத்தில் என்ன குறை? ஒன்றுமில்லை! 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் மகரகமையில் தேசிய கல்வி நிறுவகம் அமைந்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்கு வழி பிறந்தது. ஆசிரியர் நிலையங்கள் எழுந்தன. மாணவர் தொகையைக் கணக்கிட்டு ஒவ்வொரு பாடசாலைக்கும் தர உள்ளீட்டு நிதி வழங்கும் முறை 2000ஆம் ஆண்டளவில் வந்தது. 2006இல் பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் வந்தது. அதிபர், ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர் ஆகியோர் கூடித் திட்டமிடலாம் என்றார்கள். பாடசாலை மட்டத்திலேயே ஆசிரியர் தொழில்வாண்மையை வளர்க்கும் திட்டமும் அதனைத் தொடர்ந்தது. பெயர்கள் அழகானவை. சுற்றுநிருபங்கள் நீளமானவை.

நடைமுறை என்ன? அரசின் நிதியாண்டு மார்கழி 31இல் முடிகிறது. பணமோ, வந்தால், ஆண்டின் கடைசிக் காலாண்டில் வருவதை நாம் கண்டிருக்கிறோம். மூன்றாம் தவணைப் பரீட்சை தலைக்கு மேல் நிற்கும் வேளையில், "உடனே செலவிடுங்கள், இல்லையேல் திரும்பிவிடும்" என்கிறார்கள். தை மாதம் திட்டமிட்டு ஆண்டு முழுதும் நடக்க வேண்டிய கல்வி ஒரே சனிக்கிழமையில் செயலமர்வாகச் சுருங்குகிறது. ஒரு சொற்பொழிவு, ஒரு பகலுணவுப் பொதி, வருகைத்தாளில் ஒரு கையொப்பம், கோப்பில் இரண்டு புகைப்படம். பயிற்சி முடிந்தது! திங்கட்கிழமை வகுப்பில் அதே பிள்ளை அதே பின்னத்தில் நிற்கிறான்.

தலையை எண்ணிப் பணம் கொடுக்கும் முறையிலும் ஓர் அநீதி உண்டு. தாளும் வெண்கட்டியும் வாங்கத் தலைக்கணக்குப் பொருந்தலாம். ஆசிரியரின் கல்விக்கு அது பொருந்துமா? இரண்டாயிரம் பிள்ளைகள் படிக்கும் நகரக் கல்லூரியின் கணித ஆசிரியர் கற்க வேண்டியதும், நூற்றைம்பது பிள்ளைகள் படிக்கும் கரையோரப் பாடசாலையின் கணித ஆசிரியர் கற்க வேண்டியதும் ஒன்றே. உண்மையில் பின்னவர் கற்க வேண்டியதே மிகுதி. ஏனெனில் அவர் கணிதத்தோடு விஞ்ஞானத்தையும் சேர்த்துச் சுமப்பவர்.

இதன்மேல் மொழியின் சுமை. நீர்கொழும்பிலிருந்து வடக்கே செல்லும் இக்கரையோரத்தில், பாடசாலை மொழி மாறியபோது பல ஊர்களில் வீட்டு மொழியும் மாறிவிட்டது என்பது யாவரும் அறிந்த வரலாறு. உடப்பு போன்ற ஊர்களிலும், முன்னேஸ்வரத்தைச் சூழ்ந்தும், முஸ்லிம் மக்கள் வாழும் ஊர்களிலும் தமிழ் நிலைத்திருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர்; அவர்தம் பிள்ளைகளையும் இங்குள்ள தமிழ்மொழிமூலப் பாடசாலைகளே தாங்கின. அத்தகைய பாடசாலைகளின் ஆசிரியர், தம் பாடத்துக்கு உரிய தமிழ்மொழிமூல ஆலோசகர் ஒருவரைக் காணாமலே ஆண்டைக் கழிப்பதுண்டு. செயலமர்வில் விரிவுரை சிங்களத்தில் நடக்கும்; அருகிலிருப்பவர் காதோடு மொழிபெயர்ப்பார். சிங்கள ஆசிரியத் தோழர்மீது நமக்குப் பகையில்லை. அவர்களும் நம்மைப் போலவே வஞ்சிக்கப்பட்டவர்கள். ஆனால் அவர்கள் ஒருமுறை வஞ்சிக்கப்படும் இடத்தில் நாம் இருமுறை வஞ்சிக்கப்படுகிறோம்.

2007இல் புதிய பாடத்திட்டம் வந்தது. ஆங்கிலத்தில் 'ஈ' என்னும் எழுத்தில் தொடங்கும் ஐந்து படிகளால் கற்பியுங்கள் என்றார்கள். ஐந்து 'ஈ' முறை என்று நாமும் மனனம் செய்தோம். தமிழில் 'ஈ' என்றால் 'கொடு' என்றும் பொருள். ஐந்து முறை 'ஈ' என்றவர்கள் ஆசிரியருக்கு ஒருமுறையேனும் போதிய அளவு ஈந்தார்களா? மேலே சிலருக்குப் பயிற்சி, அவர் வழியாகக் கீழே சிலருக்கு, அவர் வழியாக இன்னும் கீழே என நீர் வடிந்தது. கடைமடைக்கு வந்தபோது வாய்க்காலில் ஈரம் மட்டுமே இருந்தது. தரம் 1இலும் தரம் 6இலும் 2026 முதல் மற்றொரு சீர்திருத்தம் தொடங்கும் என்று 2025இல் அறிவித்தார்கள். சீர்திருத்தம் எதுவாயினும் அதனை வகுப்பறைக்குள் கொண்டு செல்வது ஆசிரியரே. அவருக்குக் கற்பிக்காது பாடநூலை மட்டும் மாற்றுவது, மாலுமிக்குத் திசை கூறாது பாயை மட்டும் மாற்றுவதாகும்.

"உலக வங்கி உதவுகிறதே" என்பார் சிலர். அந்த வங்கி 2011இல் ஒரு திட்டத்துக்கும் 2018இல் மற்றொரு திட்டத்துக்கும் தலா 10 கோடி டொலர் வழங்க இசைந்தது. ஆசிரியரின் பாடசாலை மட்டப் பயிற்சி இவற்றில் இடம்பெற்றது உண்மை. ஆனால் அவை தானமல்ல, கடன். வட்டி குறைந்தாலும் கடன் கடனே; நாம் கற்பிக்கும் பிள்ளைகளே நாளை அதனை அடைப்பார்கள். அன்றியும், திட்டத்துக்கு ஆயுள் உண்டு. கற்பித்தலுக்கு ஆயுள் இல்லை. திட்டக்காலம் முடிந்ததும் பயிற்சியும் படுத்துவிடுமாயின், அதனைக் கொள்கை என்று எவ்வாறு சொல்வது?

மானியத்தை நம்பி வாழ்வதன் ஆபத்தை அக்கரைத் தமிழகத்தில் அண்மையில் கண்டோம். 'பி.எம். ஸ்ரீ' திட்டத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தமைக்காக, 2024-25ஆம் ஆண்டில் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் கீழ்ச் சேர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு விடுவிக்கவில்லை. 2025இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. ஆசிரியர் பயிற்சியும் அத்திட்டத்தின் ஓர் அங்கம். மானியம் என்பது கொடுப்பவன் கையிலுள்ள கயிறு. உரிமையாக எழுதப்படாத பணத்தை என்றைக்கும் இழுத்துப் பிடிக்கலாம்.

"நாடு வங்குரோத்தாகிவிட்டது, பணம் எங்கே?" என்பது அடுத்த கூப்பாடு. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது என்று அரசு அறிவித்ததை நாம் மறக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பு, செல்வம் கொழிக்கிறது என்று மேடைகளில் முழங்கிய காலத்தில், கொடுத்தார்களா? மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்குக என்று பல்கலைக்கழக ஆசிரியர் 2012இல் வேலைநிறுத்தம் செய்தனர். 4 முதல் 6 வீதம் வரை ஒதுக்க வேண்டும் என்று 2015இல் இஞ்சியோனில் கூடிய உலகக் கல்வி மாநாடும் கூறிற்று. நம் நாடோ 2 வீதத்தை ஒட்டியே நின்றது. சிங்கப்பூர் சோஷலிச நாடன்று, வணிக நாடு. அங்குகூட ஆசிரியருக்கு ஆண்டில் 100 மணிநேரம் வரை பயிற்சி பெறும் உரிமை உண்டு. இலாபநட்டம் பார்ப்பவனுக்கே விளங்கும் கணக்கு நம்மை ஆள்வோருக்கு ஏன் விளங்கவில்லை?

இனி நம்மையும் சற்றுச் சுட்டுக்கொள்வோம். 1997 முதல் தீராதிருந்த சம்பள முரண்பாட்டுக்காக 2021இல் ஜூலை தொடங்கி ஒக்டோபர் வரை ஆசிரியர் போராடினோம். அது நியாயமான போராட்டம். ஆனால் நமது கல்விக்காக ஒருநாளாவது வீதியில் நின்றோமா? செயலமர்வு என்றால் கையொப்பமிட்டு மதியத்தோடு நழுவுவோர் நம்மிடையே இல்லையா? வகுப்பில் தராததை மாலையில் ரியூசன் கொட்டகையில் விற்போர் இல்லையா? இவற்றை மூடி மறைத்தால் நம் கோரிக்கைக்கு ஊர்மக்கள் செவிசாய்க்கமாட்டார்கள். அதேவேளை, ஊர் காணாத மறுபக்கமும் உண்டு. பட்டப்பின் கல்வி டிப்ளோமாவின் கட்டணத்துக்காக நகையை அடகு வைத்த ஆசிரியையை நாம் அறிவோம். பாடசாலை விட்டபின் ஆய்வுகூடத்தில் நால்வர் கூடி, ஒருவர் பாடத்தை மற்றவர் விமர்சித்து, கைக்காசில் நிழற்பிரதி எடுத்துப் படித்ததும் உண்டு. உண்மையான பயிற்சி எப்படியிருக்கும் என்பதை நாம் அங்கேதான் கண்டோம். அதற்குத் தேவைப்பட்டது மிகச் சிறிய பணம். அந்தச் சிறிய பணத்துக்கே வழியில்லை.

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாகக் கூறுவோம். ஆசிரியர் கல்விக்கான பணம் மாகாணக் கல்விச் செலவில் தனித் தலைப்பாக, ஆசிரியர் தொகையைக் கொண்டு கணக்கிடப்பட்டு, முதலாம் தவணையிலேயே பாடசாலையின் கைக்கு வரவேண்டும். அதனை எதற்குச் செலவிடுவது என்பதை ஆசிரியர் கூடி முடிவு செய்யவேண்டும்; கணக்கு அறிவிப்புப் பலகையில் பெற்றோர் காணத் தொங்கவேண்டும். தமிழ்மொழிமூல ஆலோசகர் இடங்கள் யாவும் நிரப்பப்பட வேண்டும். தொழிற்றகைமைப் படிப்பின் கட்டணத்தை அரசே ஏற்கவேண்டும். பெற்றோரிடம் இதற்கென ஒரு சதமேனும் அறவிடக் கூடாது. மீன் படாத மாதத்தில் கொப்பி வாங்க வழியற்ற தாயிடம் ஆசிரியரின் கல்விக்கு வரி கேட்பது பாவம்.

இவை கனவல்ல. சேவைக்காலக் கல்வி எல்லா ஆசிரியருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று 1966 ஒக்டோபர் 5ஆம் நாள் ஏற்கப்பட்ட சர்வதேச தொழில் நிறுவனம், யுனெஸ்கோ ஆகியவற்றின் கூட்டுப் பரிந்துரையிலேயே உள்ளது. அதற்கு மறுநாளாகிய ஒக்டோபர் 6ஐத்தான் நம் நாட்டில் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். பிள்ளைகள் வெற்றிலை கொடுத்து நம்மை வணங்குகிறார்கள். அந்தச் சின்னக் கைகள் நம்மை நம்பி நீட்டப்படுபவை. அவற்றுக்கு நல்ல கல்வியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நம் கைகள் எவர் வாசலிலும் ஏந்தி நிற்கலாகாது. தோழர்களே, அவ்வந்தப் பாடசாலையின் அடுத்த வருடாந்தத் திட்டக் கூட்டத்திலேயே இப்பேச்சைத் தொடங்குவோம். மானியம் தேட வேண்டாம். உரிமையைக் கேட்போம்!