பந்தும் குழியும்

எறையூரில் கோல்ப் மைதானம் கிடையாது. பெரம்பலூர் ஜில்லாவிலுள்ள அவ்வூரில் இருப்பது சர்க்கரை ஆலை. சுற்றுப்புறத்தில் கரும்புக் கொல்லையும், சோளக் கொல்லையும், சின்ன வெங்காயப் பாத்தியும். அப்படியிருக்க, கோல்ப் ஆட்டத்தைப்பற்றி எழுத வேண்டும் என்னும் எண்ணம் நமக்கு எறையூரில் உண்டானது விந்தையல்லவா?

நமது சிநேகிதர் ஒருவர் அவ்வூர்க்காரர். சென்னையில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷ காலம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோல்ப் ஆடியவர். வயது 68. அவரைப் பார்க்கப் போனபோது மட்டைகள் பரணில் தூசி படிந்து கிடந்தன. அவர் சாய்வு நாற்காலியில் கிடந்தார்.

"இனி ஆட்டம் ஏது? பந்துக்குப் பதினெட்டுக் குழி. நமக்கு ஒரே ஒரு குழிதான் பாக்கி!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

கடைசியாக ஆடிய தினத்தில், குழியிலிருந்து பந்தை எடுக்கக் குனிந்தவரால் நிமிர முடியவில்லையாம். மட்டை தூக்கி வந்த பையன் கைகொடுத்துத் தூக்கிவிட்டானாம். வலியைக் காட்டிலும் வெட்கம் அதிகம். அன்றோடு ஆட்டத்துக்கு முழுக்கு.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது திண்ணையில் அவருடைய அக்காள் குந்தி உட்கார்ந்து வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார். தம்பிக்கு ஆறு வயது மூத்தவர். வேலை முடிந்ததும், கையைத் தரையில் ஊன்றாமல், கூடையுடன் எழுந்தார். "தம்பி, உங்கள் சிநேகிதருக்குக் காபி போடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

நாமும் சிநேகிதரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கோல்ப் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த ஆட்டம். கல்கத்தாவில் 1829-லும், கொடைக்கானலில் 1895-லும் அதற்குச் சங்கங்கள் ஏற்பட்டன. ஓடத் தேவையில்லை, மோதத் தேவையில்லை. ஆகவே கிழவர் ஆட்டம் என்று பலர் பரிகசிப்பதுண்டு. வண்டியில் ஏறாமல் பதினெட்டுக் குழியும் ஆடுகிறவர் ஆறேழு மைலுக்குக் குறையாமல் நடந்தால் ஆச்சரியமில்லை. அதோடு, மட்டையை வீசும்போது இடுப்பும் மேல்முதுகும் நன்றாகத் திரும்பவேண்டும். உடம்பின் பாரம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறவேண்டும். இடுப்பு திரும்ப மறுத்தால், அந்த வேலையையும் கீழ்முதுகே தலையில் போட்டுக்கொள்கிறது. பிறகு முதுகுவலி என்று முனகினால், குற்றம் முதுகினுடையதா?

வயதுதான் காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. டாம் வாட்ஸன் என்னும் அமெரிக்கர் 2008-ஆம் வருஷம் இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டார். மறு வருஷமே, தமது 59-ஆம் வயதில், பிரிட்டிஷ் ஓபன் பந்தயத்தில் முதல் ஸ்தானத்துக்குச் சமமாக ஆடி முடித்து, அதன் பின் நடந்த கூடுதல் ஆட்டத்தில்தான் தோற்றார். நமது கோயமுத்தூர் நானம்மாள் பாட்டியாரோ, 2018-ல் பத்மஸ்ரீ பெற்றபோதும் யோகாசனம் போட்டுக் காட்டி வந்தவர். 2019-ல் 99 வயதில் காலமானார்.

முப்பது வயதுக்கு மேல் தசை சிறுகச் சிறுகக் குறைகிறது. அறுபதுக்குப் பிறகு விரைவாகக் குறைகிறது. ஆனால் போனது திரும்பாது என்பது பொய். பாஸ்டன் நகரில், விடுதியில் வசித்த, சராசரி 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலால் பாரம் தூக்கும் பயிற்சி அளித்தார்கள். அதன் முடிவு 1990-ல் வெளியாயிற்று. ஒருவர் நடுவில் நின்றுவிட்டார். மற்றவர்களின் கால் வலிமை சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல் பெருகியிருந்தது. தொண்ணூறில் இது சாத்தியமானால், அறுபத்தெட்டு பாலிய வயதன்றோ?

ஆகவே சிநேகிதருக்கு நாம் சொன்ன யோசனை இதுதான். தினந்தோறும் அரைமணி நேரம் வேகமாக நடக்கவேண்டும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காரவேண்டும். சுவர் ஓரமாக நின்று, விழப்போனால் பிடித்துக்கொள்ளத் தயாராக, ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்கப் பழகவேண்டும். உட்கார்ந்தபடியே தோளை இருபுறமும் மெதுவாகத் திருப்பவேண்டும். உலக சுகாதார ஸ்தாபனமும் 2020-ல், 65 வயதைக் கடந்தவர்கள் நடை முதலியவற்றுடன், வாரத்தில் மூன்று நாளாவது நிலைதவறாமல் நிற்பதற்கும் வலிமைக்குமான பயிற்சி செய்யவேண்டும் என்று கூறியிருக்கிறது. இருதய நோயோ மூட்டு நோயோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுக்கொண்டே தொடங்கவேண்டும். ஆட்டத்துக்கு முன் பத்து நிமிஷம் உடம்பைச் சூடேற்றாமல் மட்டையைத் தொடவே கூடாது.

"இத்தனையும் ஒரு பந்துக்காகவா?" என்றார் சிநேகிதர்.

பந்து ஒரு வியாஜந்தான். குனிந்தவர் பிறர் கையை எதிர்பாராமல் நிமிரவேண்டும். ஸ்நான அறையில் கால் வழுக்கினால் சமாளித்து நிற்கவேண்டும். பேரக் குழந்தையைத் தரையிலிருந்து வாரி எடுக்கவேண்டும். கோல்ப் மட்டையைக் கண்ணால் கண்டிராத நேயர்களுக்கும் இவை வேண்டியவைதாமே?

சென்ற வாரம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. ஒற்றைக் காலில் ஏழு விநாடி நிற்கிறாராம். அக்காள் பக்கத்தில் நின்று எண்ணுகிறாராம். எட்டாவது விநாடியில் சிரிப்பு மூட்டி விடுகிறாராம். மட்டைகள் இன்னும் பரணிலேயே இருக்கின்றன. தூசி மட்டும் துடைத்தாகிவிட்டது.

பதினெட்டுக் குழிகளும் அவருக்காகக் காத்திருக்கட்டும். பத்தொன்பதாவது குழிக்கு அவசரம் ஒன்றுமில்லை.