பரணில் தாத்தாவின் 'த்ரீ நாட் த்ரீ'... அமெரிக்காவில் சேகரிப்புப் பொருள், இந்தியாவில் 7 ஆண்டு சிறை! சட்டம் சொல்வது என்ன?

விருத்தாசலம் என்றதும் ஷோகேஸில் இருக்கும் பீங்கான் பொம்மையும், மீட்டர் பெட்டியில் இருக்கும் ஃபியூஸ் கேரியரும்தான் பலருக்கு ஞாபகம் வரும். அந்த செராமிக் நகரத்தில் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பரணில் கோணிப்பை சுற்றிய நீளமான பொருள் ஒன்று கிடைக்கிறது. பிரித்துப் பார்த்தால் மரக்கட்டை, இரும்புக் குழல், ஆங்கில முத்திரை. வெள்ளைக்காரன் காலத்து ராணுவத் துப்பாக்கி!

"தாத்தா காலத்துப் பொருள்தானே, துடைச்சு ஷோகேஸ்ல மாட்டிடலாம்" என்று ஒருவர் சொல்வார். "அமெரிக்காவுல இதுக்கு நல்ல விலையாம், யூடியூப்ல பார்த்தேன்" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டில் எதைச் செய்தாலும் சிக்கல்தான். ஏன்?

அது என்ன 'த்ரீ நாட் த்ரீ'?

சினிமா பார்ப்பவர்களுக்கும், என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கும் பழக்கமான பெயர் இது. உண்மையான பெயர் லீ-என்ஃபீல்டு. ஜேம்ஸ் பாரிஸ் லீ என்ற வடிவமைப்பாளரின் பெயரும், இங்கிலாந்தின் என்ஃபீல்டு தொழிற்சாலையின் பெயரும் சேர்ந்தது. 1895-ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்தது. இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் வீரர்களும் இந்திய வீரர்களும் தோளில் சுமந்தது இந்த வகைத் துப்பாக்கியைத்தான்.

குழலின் உள்விட்டம் 0.303 அங்குலம். அதனால்தான் 'த்ரீ நாட் த்ரீ'. ஒரு முறை சுட்டதும், பக்கவாட்டில் இருக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். காலித் தோட்டா வெளியே விழும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். மேகசினில் 10 தோட்டாக்கள் பிடிக்கும். அந்தக் காலத்தின் மற்ற பல ராணுவத் துப்பாக்கிகளில் 5 தோட்டாக்கள்தான் என்பதால், இது பெரிய பலமாக இருந்தது.

நம்ம ஊர் துப்பாக்கி, அமெரிக்காவில் 'இறக்குமதி'

கொல்கத்தா அருகே உள்ள இஷாப்பூர் தொழிற்சாலையில் இந்தத் துப்பாக்கிகள் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலேயே தயாராகின. 1962 சீனப் போருக்குப் பிறகு ஆயுதத் தேவை அதிகமானபோது, பழைய லீ-என்ஃபீல்டு வடிவத்தை எடுத்து, வலுவான எஃகு போட்டு, 7.62 மி.மீ. ராணுவத் தோட்டாவுக்கு ஏற்ற மாதிரி மாற்றினார்கள். அவைதான் இஷாப்பூர் 2ஏ மற்றும் 2ஏ1 ரகங்கள்.

ராணுவத்துக்குத் தேவைப்படாமல் ஒதுங்கிய பிறகு, இவை அமெரிக்கச் சந்தைக்குப் போயின. அங்கே 50 ஆண்டுகளைத் தாண்டிய துப்பாக்கிகளை 'அரும்பொருள்' பிரிவில் வைத்து, சேகரிப்பாளர்களுக்குத் தனி உரிமமே கொடுக்கிறார்கள். இந்தியாவில் செய்த துப்பாக்கி, அமெரிக்கர் ஒருவரின் அலமாரியில் 'வெளிநாட்டு இறக்குமதி' என்ற பெருமையோடு நிற்கிறது. இந்தியாவில் இருப்பவர் அதையே வீட்டில் மாட்ட முடியாது.

ஏன் முடியாது?

காரணம் வயது இல்லை, குழலின் அளவு. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளும் துப்பாக்கிகளைத் தடை செய்யப்பட்டவை, தடை செய்யப்படாதவை என்று பிரிக்கின்றன. 0.303 மற்றும் 7.62 மி.மீ. ராணுவத் தோட்டாக்களைச் சுடக்கூடிய ரைஃபிள்கள் தடைப் பட்டியலில் வருகின்றன. போல்ட் இழுத்துச் சுடும் பழைய ரகமாக இருந்தாலும் இதே கதைதான்.

வேடிக்கை என்னவென்றால், அரசுத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்காகச் செய்யும் .315 ரைஃபிளும் இதே லீ-என்ஃபீல்டு இயக்கமுறையைக் கொண்டதுதான். ஆனால், அது ராணுவத் தோட்டாவைச் சுடாது. அதனால் அதற்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

இந்த யோசனை வெள்ளைக்காரர்கள் விட்டுச் சென்றது. 1857 கிளர்ச்சி தந்த பயம் போகாத ஆட்சி அது. 1878-ல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமம் கட்டாயம் என்றது, ஐரோப்பியர்களுக்கு விலக்கு கொடுத்தது. ராணுவக் கிடங்கிலிருந்து திருடிய தோட்டா வெளியில் இருக்கும் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாது என்பதே கணக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு சட்டம் மாறியது, அந்தக் கணக்கு மாறவில்லை.

உரிமம் யார் கொடுப்பது?

தடை செய்யப்படாத ரகம் என்றால் மாவட்ட நிர்வாகம். விருத்தாசலத்துக்காரர் கடலூர் ஆட்சியர் அலுவலகத்தை அணுக வேண்டும். தடை செய்யப்பட்ட ரகம் என்றால் டெல்லியில் மத்திய உள்துறை அமைச்சகம்தான் முடிவு செய்யும். வெளிநாட்டிலிருந்து வாங்கி வரலாமா என்றால், தனிநபர்கள் துப்பாக்கி இறக்குமதி செய்யும் கதவு 1980-களிலேயே மூடப்பட்டுவிட்டது. துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் சலுகை உண்டு. இந்தியாவில் ஏற்கெனவே உரிமத்தோடு இருக்கும் பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்கு அதிக விலை இருப்பதற்கு இதுவும் காரணம்.

தண்டனை எவ்வளவு?

2019 டிசம்பரில் சட்டம் கடுமையானது. உரிமம் இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டுகள் வரை சிறை. தடை செய்யப்பட்ட ஆயுதம் என்றால் 7 முதல் 14 ஆண்டுகள் வரை. ஒருவர் 3 துப்பாக்கிகள் வைத்திருக்கலாம் என்பதும் 2 ஆகக் குறைந்தது. பரம்பரையாக வந்தவையும் இந்தக் கணக்கில் அடங்கும்.

விலக்கே இல்லையா?

இருக்கிறது. பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருக்கும் பழங்கால ஆயுதத்துக்குச் சட்டத்தின் 45-வது பிரிவு விலக்கு தருகிறது. 2020 பிப்ரவரியில் மத்திய அரசு இன்னொரு அறிவிப்பும் வெளியிட்டது. 'அரும்பொருள்' வகையில் வரும் சிறிய ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் வைத்திருக்க உரிமம் தேவையில்லை. ஆனால், சுடவோ, எடுத்துச் செல்லவோ உரிமம் வேண்டும் என்றது.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். துரு ஏறியதாலேயே ஒரு ரைஃபிள் அரும்பொருள் ஆகிவிடாது. துடைத்து எண்ணெய் போட்டால் சுடும் நிலைக்கு வரும் 0.303, சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிதான். எது அரும்பொருள், எது ஆயுதம் என்பதை வீட்டுக்காரரே முடிவு செய்துகொள்வது ஆபத்து.

கிடைத்தால் என்ன செய்வது?

* போல்ட்டை இழுத்துப் பார்க்கவோ, டிரிக்கரைத் தொடவோ கூடாது. உள்ளே தோட்டா இருக்கலாம்.
* போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் விலை கேட்கக் கூடாது. விற்பனைக்கும் உரிமம் வேண்டும்.
* தாமதிக்காமல் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், வாரிசுகள் அந்தத் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க 21-வது பிரிவு வழி செய்கிறது.
* தாத்தாவின் பழைய உரிமப் புத்தகம் இருந்தால் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும். உரிமதாரர் இறந்தாலோ, 70 வயதை எட்டினாலோ, 25 ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்க 2016 விதிகளில் இடம் உண்டு.

காலம் முடிந்த துப்பாக்கியா?

2008 மும்பை தாக்குதலில், ஏ.கே. 47 வைத்திருந்த பயங்கரவாதிகளுக்கு எதிரே ரயில்வே போலீசாரின் கையில் இருந்தது 0.303 தான். அதன் பிறகு மாநிலங்கள் ஒவ்வொன்றாக இதைக் கைவிட்டன. உத்தரப் பிரதேச காவல்துறை 2020 குடியரசு தினத்தோடு விடை கொடுத்தது. விருத்தாசலத்திலிருந்து கார்டு லைனில் ரயில் ஏறினால் வரும் திருச்சியில், 1966-ல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை இன்று ஏ.கே. பாணியிலான 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' தயாரிக்கிறது.

போலீசுக்கு அது பழையதாகிவிட்டது, அமெரிக்கருக்கு அலங்காரமாகிவிட்டது. ஆனால், பரணில் அதைக் கண்டெடுக்கும் விருத்தாசலம் குடும்பத்துக்கு அது இன்னும் தடை செய்யப்பட்ட ஆயுதம்தான். ஷோகேஸுக்கு பீங்கான் பொம்மையே போதும். துப்பாக்கி போக வேண்டிய இடம் காவல் நிலையம்.